வண்டி ஏறாது

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஏகாம்பரம் இறங்கி நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்தார். ஆணி முனையால் வால்வை அழுத்தியதும் காற்று சீறிக்கொண்டு வந்தது. வண்டிக்குள் இருப்பவன் முகத்தைப் பார்த்துவிடப் போகிறானே என்று முதுகைத் திருப்பிக்கொண்டார். கல்லு ஏறணும்னா டயர் கொஞ்சம் தளர்ந்திருக்கணும், அப்பத்தான் கல்லைக் கவ்வும் என்று வேலூர் மெக்கானிக் பாஷா பாய் சொல்லி அனுப்பியிருந்தார். பாய் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தார். செங்குத்தில் கியர் மாற்றாதே, கிளட்சைத் தொடாதே, பாதியில் நின்று போனால் வண்டியைத் திருப்பப் பார்க்காதே, நேராகப் பின்னால் இறக்கு. எல்லாம் மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிவதுதான் பயமாக இருந்தது, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிறவனுக்கு எல்லாம் தெரிகிற மாதிரி. காலை பத்து மணி வெயில், கார்த்திகை மாசத்து இளவெயில், மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. வண்டிக்குள் இடப்பக்கத்து சீட்டில் தீர்த்தகிரி இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயசு இருக்கும். ஏழு கிலோமீட்டர் மேலே ஜவ்வாது மலையில் இருக்கிற தும்பைக்காட்டுக்காரன். போன வாரம் பால் கேன் ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்குத் தேடி வந்து, "அண்ணா, உங்க வண்டி மலை ஏறுமாமே? எம் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம். தை பொறந்ததும் ஆயிரும்னு நர்சம்மா சொல்லுது. ஒருவாட்டி வந்து வழியப் பாத்துட்டுப் போயிருங்கண்ணா" என்று கேட்டான். கேட்டபோது அவன் முகத்தை ஏகாம்பரம் துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டே கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா? ஒரு வாரமாக இதே கேள்விதான். பால் அளக்கும்போது, பல் விளக்கும்போது, கோயில் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது. தெரியும் என்றால் எதற்கு என்னிடம் வருகிறான்? தெரியாது என்றால் இத்தனை பேர் இருக்க என்னிடம் எப்படி வந்தான்?

லோ கியரைப் போட்டதும் வண்டி அடித்தொண்டையில் உறுமியது. இந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை. பதினோரு வருஷமாகப் பால் கேனும் தவிட்டு மூட்டையும் சுமந்த பிக்கப், அதன் ஒவ்வொரு முனகலும் அவருக்கு அத்துப்படியாக இருந்தது, இப்போது அது வேறு ஆளாகிவிட்டது. முதலில் டயரை மாற்றினார், பல்லுப் பல்லாக இருக்கிற சேற்று டயர், தார் ரோட்டில் ஓட்டினால் வண்டுக் கூட்டம் மாதிரி இரையும். அப்புறம் ஸ்பிரிங் பட்டை மாற்றி மூன்று விரற்கடை உயர்த்தினார். அப்புறம் அடியில் இரும்புத் தகடு. கடைசியில், எங்கேயோ விபத்தில் நொறுங்கிப்போன, நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு ஃபோர் வீல் வண்டியிலிருந்து முன் ஆக்சிலையும் கியர் பெட்டியையும் கழற்றி பாஷா பாய் இதில் மாட்டினார். "அந்த டிரைவருக்கு என்னாச்சு பாய்?" என்று கேட்டதற்கு, பாய் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "ஆக்சிலுக்கு ஒண்ணும் ஆகல, அதப் பாரு" என்றார். அதை நினைக்கக் கூடாது. கேன் ஏற்றுகிற ஆட்கள் வண்டி உயர்ந்துபோனதில் தோள் வலிக்கிறது என்று முணுமுணுக்கிறார்கள், யானை வருது யானை வருது என்று கடைத்தெருவில் கேலி. மனைவி லோகநாயகி, "நல்லா ஓடிட்டிருந்த வண்டிய எதுக்கு இப்பிடி நோண்டறீங்க?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். மேல லோடு வரும் என்றார். என்ன லோடு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உசரம் கூடினால் சாய்வதும் சுலபம் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, பாய்தானே, இல்லை டயர் கடையில் ஒருத்தன். சரிவில் வண்டி ஒரு பக்கம் படுக்கும்போது அவர் உடம்பை மறுபக்கம் சாய்த்துக்கொள்கிறார். ஓடை வந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அடியில் கூழாங்கல் தெரிந்தது. வண்டி இறங்கி, சளசளத்து, அந்தக் கரையில் ஏறிவிட்டது. இவ்வளவுதானா? ஏகாம்பரத்துக்கு முதுகு வேர்த்தது. இதைப் பழைய வண்டியே தாண்டியிருக்குமே. இல்லை, இப்போது தண்ணீர் குறைவு, அன்றைக்கு மழை, அன்றைக்கு வெள்ளம் போயிருக்கும். "மழைன்னா இதுல எவ்ளோ தண்ணி வரும்?" என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார். "முட்டி அளவு வரும்ணா. மலையெல்லாம் பாறை பாருங்க, ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும்" என்றான் தீர்த்தகிரி. கரையைத் திரும்பிப் பார்த்து, மணி கேட்டால் சொல்வது மாதிரி, "இங்கதான் மொதப் புள்ள பொறந்துச்சு. கம்புல தூளி கட்டி எட்டுப் பேர் தூக்கிட்டு வந்தோம், அந்தத் தூளிக்குள்ளயே. அழல" என்றான்.

ஸ்டியரிங் கையை விட்டு ஒரு தரம் வழுக்கியது. தெரிந்து சொல்கிறானோ? ஓடையிலிருந்து தார் ரோடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு வருஷம் முன்னால் ஐப்பசியில், மதியம் மூன்று மணி, நல்ல மழை. பால் வேலை முடிந்து வந்து ஏகாம்பரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கருவாட்டுக் குழம்பு, கை எச்சில், இடது கையால்தான் போனை எடுத்தார். "அண்ணா, வண்டி வெச்சிருக்கீங்களாமே, ஒருத்தர் நம்பர் குடுத்தாரு. தும்பைக்காட்ல இருந்து பேசறேங்ணா. எம் பொண்டாட்டிக்கு வலி வந்துருச்சு, ஆம்புலன்ஸ் தார் ரோட்டோட நிக்குதாம், மேல வராதாம். உங்க வண்டி வருங்களா?" மழைச் சத்தத்தில் குரல் வந்து வந்து போனது. அதற்குள் அவர் வாய் சொல்லிவிட்டது: "அந்த வழியில வண்டி ஏறாதுப்பா." அவ்வளவுதான். அந்த வழியை அதற்கு முன்னால் அவர் பார்த்ததே இல்லை. ஒரு நாளும் போனதில்லை. ஏறாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அதை எடுத்துச் சொன்னார், மழை பெய்யுது என்று சொல்வது மாதிரி. யாரு என்று லோகநாயகி கேட்டாள். மலையில் இருந்து வண்டி கேக்கறாங்க, ஏறாதுன்னுட்டேன் என்றார். இந்த மழையில எப்பிடி ஏறும் என்றாள் அவள். அப்புறம் அவர் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார். அதுதான். பேசியதைக்கூட மனசு எப்படியோ சுற்றி வளைத்துத் தாண்டிவிடுகிறது, அந்த இன்னொரு கரண்டி சோற்றில் வந்து ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. பசித்தது, சாப்பிட்டேன், அதில் என்ன? ஆனால் பசித்ததா? நன்றாகப் பசித்தது. மறுநாள் காலையில் தார் ரோட்டு முனையில் பால் கேன் எடுக்கப் போனபோது டீக்கடை வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தான், இதே தீர்த்தகிரிதான், அப்போது பேர் தெரியாது. கையில் வெள்ளைத் துணியில் சின்னதாக ஒரு பொட்டலம். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டார்கள், தும்பைக்காட்டுக்காரன், மேலே தூக்கிப்போய்ப் புதைக்கணுமாம், கூட வர ஆள் பார்த்து நிற்கிறான் என்று டீக்கடைக்காரர் தணிந்த குரலில் சொன்னார். "பாவம். என்ன பண்றது, வண்டி ஏறாதே அந்த வழியில" என்று பெஞ்சில் இருந்த ஒருவர் சொன்னார். ஆமா, ஏறாது, ஏறாது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஏகாம்பரமும் ஆட்டினார். ஆட்டிவிட்டுப் போய் வண்டிக்குப் பின்னால் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார், அந்த ஆள் நடந்து மரங்களுக்குள் மறையும்வரைக்கும் கட்டினார். வண்டி ஏறாது. ஏறாத வண்டிதானே குற்றம், அப்போ வண்டியை ஏறுகிற வண்டியாக்கிவிட்டால் தீர்ந்தது. இப்படித்தான் டயரில் ஆரம்பித்தது.

தீர்த்தகிரி பேசிக்கொண்டே வந்தான். அதிகம் பேசுகிறவன் இல்லை, இந்த வழிதான் அவனைப் பேச வைத்தது. இந்தப் பூவரச மரத்தடியில் இறக்கி வைத்தோம். இந்தத் திருப்பத்தில் என் மாமன் வழுக்கி விழுந்தார், தூளியை விடவில்லை, முழங்கை உரிந்து போச்சு. இங்கே தோள் மாற்றினோம். இது வரைக்கும் முனகிக்கொண்டு வந்தாள், அப்புறம் சத்தம் இல்லை, பயந்துட்டோம். அவர்கள் இறங்கி வந்த வழியில் இப்போது ஏறிக்கொண்டிருப்பதால் எல்லாம் தலைகீழாக வந்தது, முதலில் சாவு, அப்புறம் மௌனம், அப்புறம் முனகல். மேலே போகப் போக அவள் உயிரோடு, வலியோடு, நம்பிக்கையோடு இருக்கிற இடங்கள் வரும். ஏகாம்பரம் காதைக் கொடுக்காமல் வழியைப் பார்த்தார். வழி எங்கே மோசமாகும், எங்கே மோசமாகும் என்று பார்த்தார். முருகா, சீக்கிரம் மோசமாகட்டும். ஒரு பள்ளம் வந்தது, சக்கரம் இறங்கி ஏறியது, ஒன்றுமில்லை. சிவப்பு மண் சரிவு வந்தது, கொஞ்சம் வழுக்கியது, பழைய டயராக இருந்தால் கொஞ்சம் அதிகம் வழுக்கியிருக்கும், ஒரு ஆள் பின்னால் தள்ளினால் போதும், ஆள் அன்றைக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு குறுகல், இடப்பக்கம் பள்ளத்தாக்கு, மூங்கில் நுனிகள் சக்கரத்துக்குக் கீழே எங்கேயோ அசைந்தன. உள்ளங்கால் கூசியது. ஆனால் அகலம் போதும், பால் வண்டி எத்தனையோ சந்துகளில் இதைவிடக் குறுகலாகப் போயிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர். மூன்று. லோ கியருக்கே வேலை இல்லை. இத்தனை நாளாகப் பயந்தது வண்டி கவிழ்வதை, பிரேக் பிடிக்காமல் பின்னால் உருளுவதை, அந்தச் செத்த வண்டியின் ஆக்சில் நடுவழியில் முறிவதை. அதெல்லாம் ஒரு பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. வழி நன்றாக இருந்துவிடுமோ என்பதுதான் பயம். தும்பைக்காடு வரைக்கும் இப்படியே போய்விட்டால்? பெண்டுகள் தானியம் புடைத்துக்கொண்டிருக்கிற ஊருக்குள் சாதாரணமாகப் போய் வண்டி நின்றுவிட்டால்? நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டில் தீர்த்தகிரியின் காலடியில் கிடந்தது, கேட்கத் தோன்றவில்லை.

நாலாவது கிலோமீட்டரில் பாறை வந்தது. ஒரு வளைவு திரும்பியதும் வழி முடிந்து, யானை முதுகு மாதிரி ஒரே கருங்கல் மேலே போனது, நாலு ஆள் உயரம், அதன் மேல் ஈரம், பாசி, குறுக்கே ஒரு மரத்தின் வேர். ஏகாம்பரத்துக்கு நெஞ்சு நிறைந்து மூச்சு வந்தது. இதோ, ஏறாது. எந்தக் கொம்பனுக்கும் ஏறாது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம் இருந்திருக்கும், அதற்குள் இப்போது ஏறியாக வேண்டும் என்பது உறைத்தது. முதல் கியர். கிளட்சைத் தொடாதே. முன் சக்கரம் கல்லைத் தொட்டது, வண்டியின் மூக்கு எழுந்தது, கண்ணாடி முழுக்க வானம். வழி தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை, எங்கே போகிறோம் என்று தெரியாமல் எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தார்கள், பின் சக்கரம் ஒரு தரம் சுழன்று பாசியைச் சிதறடித்தது, இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே இருந்தது, கால் தானாகக் கிளட்சுக்குப் போய்விட்டது. பதறி எடுத்ததில் எஞ்சின் நின்றது. பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார், வண்டி ஒரு ஜாண் பின்னால் வழுக்கி நின்றது. குருவிச் சத்தம் கேட்டது. தீர்த்தகிரி மேலே கம்பியைப் பிடித்தபடி, "பயப்படாதீங்ணா, நிக்குது" என்றான். கம்பியை விடாமலே, "அன்னிக்கு மூணு பேருக்குப் போன் போட்டேன். டிராக்டர்காரருக்கு, மளிகைக்கடை வண்டிக்கு, யாரோ நம்பர் குடுத்த இன்னொருத்தருக்கு. மூணு பேரும் ஏறாதுன்னுட்டாங்க. யார் என்ன சொன்னாங்கன்னுகூட இப்ப நெனவில்ல. உங்க வண்டிய அப்பவே தெரிஞ்சிருந்தா உங்களக் கூப்ட்டிருப்பேன்" என்றான். தெரியாது. அவனுக்குத் தெரியாது. இரண்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததற்கு அவன் மனசில் ஒரு பேர்கூட இல்லை. இப்படியே விட்டுவிடலாம். எஞ்சினைப் போட்டு, பின்னால் இறக்கி, ஆமாம்பா, பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க என்று சொல்லி, தை மாசம் வந்து இவனுக்குத் தெய்வமாகலாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி போய்விடும், எடுக்காமல் எத்தனை நேரம்? "அந்த இன்னொருத்தர் நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது, அவருடைய குரல்தான், ஆனால் தொண்டையில் யாரோ உட்கார்ந்து பேசுவது மாதிரி. "பால் வண்டி. நான்தான் ஏறாதுன்னு சொன்னது."

தீர்த்தகிரி திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினான். போகிறான், நடந்தே போய்விடுவான், போகட்டும், வண்டியோடு நான் இங்கேயே கிடக்கிறேன் என்று ஏகாம்பரம் நினைத்தார். பின்னால் கல் உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கல், இன்னொரு கல். இரண்டு பின் சக்கரத்துக்கும் உருளாமல் அண்டை கொடுத்துவிட்டு, மண் கையோடு அவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது, குரல் தணிந்தே இருந்தது. "வந்திருந்தா ஏறியிருக்குமா?" என்று கேட்டான். ஏறியிருக்காது என்று சொல்லலாம். உண்மையும்கூட, பழைய வண்டி இந்தப் பாறையில் ஏறவே ஏறாது, சத்தியம் செய்யலாம். அவன் முகத்தைப் பார்த்தார். "இத ஏறியிருக்காது" என்றார். "ஆனா இங்க வரைக்கும் வந்திருக்கும். இது வரைக்கும் வழி நல்லா இருக்குது. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." தீர்த்தகிரி தார் ரோடு இருக்கும் திசையைப் பார்த்தான். ஓடை, திருப்பம், பூவரசு எல்லாம் அவன் கண்ணில் ஒவ்வொன்றாகப் போவது தெரிந்தது. கணக்குப் போடுகிறான், இங்கிருந்து வண்டியில் போயிருந்தால் எத்தனை நிமிஷம் என்று. பாறை ஓரத்தில் போய் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான். ஏகாம்பரத்துக்கு மன்னிச்சிரு என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, அதைச் சொன்னால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சுமையையும் அவன்மேல் வைப்பதா என்று விழுங்கிக்கொண்டார். பிரேக்கை மிதித்த கால் மரத்துப்போயிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் தீர்த்தகிரி எழுந்து, முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பாறைமேல் ஏறி உச்சியில் நின்றான். "எடப்பக்கம் பாசி. வலப்பக்கம் வாங்க. வலது சக்கரத்த வேரு மேல ஏத்துங்க" என்று கத்தினான். "நான் கை காட்டறேன். என்னையே பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க."

எஞ்சின் பிடித்தது. ஏகாம்பரம் அவனையே பார்த்தார். வானத்தில் ஒரு கை, வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம், வா, வா. பின்னால் அண்டைக் கல் புரண்டு உருண்டு போகிற சத்தம் கேட்டது, இனி பின்னால் ஒன்றும் இல்லை. வேர்மேல் சக்கரம் ஏறி வண்டி மறுபக்கம் சாய்ந்தது, அடித்தகடு பாறையில் உரசிக் கிறீச்சிட்டது, யாரோ அலறியது மாதிரி இருந்தது, அவரேதானோ என்னவோ. கால் கிளட்சுக்குப் போகவில்லை. கை வா என்றது. வா. வண்டியின் மூக்கு இறங்கியது, மண், புல், ஒரு மாட்டுச் சாணம், எல்லாம் மறுபடி உலகத்தில் இருந்தன. தீர்த்தகிரி வண்டிக்குள் ஏறவில்லை. முன்னால் நடந்தான், மூன்று கிலோமீட்டரும் நடந்தான், திரும்பிப் பார்க்காமல், மோசமான இடம் வந்தால் மட்டும் கையை ஆட்டிக்கொண்டு. அவன் முதுகைப் பார்த்தபடி ஏகாம்பரம் நடை வேகத்தில் ஓட்டினார். ஊரில் வீட்டு வாசலில் அலமேலு நின்றாள், தீர்த்தகிரியின் மனைவி, மெலிந்த உடம்பு, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. வண்டியை மேலும் கீழும் பார்த்து, "இவ்ளோ ஒசரமா இருக்குதே, நான் எப்பிடி ஏறுவேன்?" என்று கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் கேள்வி. ஏகாம்பரம் குனிந்து கதவுக்கும் தரைக்கும் இடையே கையால் அளந்தார். "படிப்பெட்டி ஒண்ணு செஞ்சு கொண்டாறேம்மா" என்றார். அவள் மோர் எடுத்துவர உள்ளே போனதும் தீர்த்தகிரி போனை எடுத்தான். "நம்பர் சொல்லுங்க. தையில கூப்பிடறேன்." முகம் இன்னும் கல்லாகத்தான் இருந்தது. நம்பரில் முதல் நாலு எண்ணைச் சொல்லிவிட்டு ஏகாம்பரம் நிறுத்தினார். மதியம், மழை, கை எச்சில், ஒரு குரல் கேட்கும். அப்போது என் வாய் என்ன சொல்லும்? வண்டியை மாற்றியாயிற்று, வாயை மாற்றவில்லையே. "போன் வேணாம்பா" என்றார். "போனை நம்பாத. தை பொறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் வண்டியோட இங்க வந்துடறேன். பால் எடுக்க மச்சான வேற வண்டியோட வெச்சுக்கறேன். ஆவற வரைக்கும் இங்கயே வண்டியில படுத்துக்கறேன்." தீர்த்தகிரி அவரை வெகுநேரம் பார்த்தான். பாறையில் வைத்துப் பார்க்காத பார்வை. "பயமா இருக்குதாணா?" என்றான். "இருக்குது" என்றார் ஏகாம்பரம். "எனக்குந்தான்" என்றான் அவன். உள்ளே செம்பில் மோர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவன் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே, "மார்கழி தையில இங்க பனி எலும்பு வரைக்கும் ஏறும். ரெண்டு போர்வையா கொண்டாங்க" என்றான்.